முழம் குறுகும் கணக்கு

மார்கழிப் பனி இறங்கியதும் நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும்: மதுரையில் மல்லிகை கிலோ 2,000 ரூபாயைத் தொட்டது. பொங்கலை ஒட்டிய நாள்களில் அது 3,000-ஐயும் தாண்டும். இதே மல்லி பங்குனி, சித்திரையில் கிலோ 200 ரூபாய்க்கும் அதற்குக் கீழும் போயிருக்கும்.

செய்தியைப் படிக்கிறவருக்கு இரண்டு சந்தேகங்கள் எழுவது நியாயம். வரத்து குறைந்தது சரி, பாதியாகக் குறைந்தால் விலை இரண்டு மடங்கு ஆகட்டும். பத்து மடங்கு, பதினைந்து மடங்கு என்பது எந்த ஊர்க் கணக்கு? அடுத்தது, பூ என்ன சோறா, மருந்தா? இல்லாமல் ஒருநாள் இருந்துவிட முடியாதா? அரிசிகூட இப்படித் தாவுவதில்லையே!

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நம்மிடம் தயாராக ஒரு பதில் உண்டு: "எவனோ பதுக்கிட்டான்." வெங்காயத்திலும் துவரம்பருப்பிலும் அதற்கு இடமிருக்கிறது. மல்லிகையில் இல்லை. காலையில் மொட்டு, மாலையில் மலர், மறுநாள் விடிந்தால் பழுப்பு. மூன்று நாள் மறைத்து வைத்து விற்க எந்த வியாபாரியாலும் ஆகாது. விலை எப்படி உருவாகிறது என்று கற்றுக்கொள்ள மல்லிகையைவிடச் சுத்தமான பாடப்பொருள் கிடைப்பது கடினம் என்பதற்கு இதுதான் காரணம். சந்தேகப்பட ஆள் இல்லாததால் கணக்கை நேராகப் பார்க்க முடிகிறது.

செடி கேட்காத விலை

மல்லிப் பறிப்பு விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பறிப்பவர்களும் உண்டு. அன்று சாயங்காலம் விரியப்போகிற மொட்டு எது, இன்னும் ஒருநாள் செடியில் இருக்க வேண்டியது எது என்பது பழகிய கைக்குத் தெரியும். பறித்தது பறித்தபடி மாட்டுத்தாவணிக்கோ நிலக்கோட்டைக்கோ தோவாளைக்கோ போயாக வேண்டும். காலைப் பொழுதுக்குள் பெரும்பாலும் வியாபாரம் முடிந்துவிடும்.

ஆக, ஒரு நாளின் வரத்து அன்று காலையிலேயே முடிவாகிவிடுகிறது. கிலோவுக்கு 5,000 ரூபாய் தருகிறேன் என்று ஒருவர் பணத்தோடு வந்து நின்றாலும், செடி மத்தியானம் இன்னொரு கூடை மொட்டு தராது. விலை விழுந்துவிட்டதே, நாளைக்கு விற்றுக்கொள்ளலாம் என்று கூடையைத் திருப்பி எடுத்துப் போகவும் வழியில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: விலை பறிகூலிக்கும் கீழே போய்விட்டால் செடியிலேயே விட்டுவிடுவார்கள். அதற்கு மேல் விலை என்னவாக இருந்தாலும் வரத்து அதேதான்.

விற்பனைக்கு வரும் அளவைப் பொருளியலில் அளிப்பு என்பார்கள். வாங்க விரும்பும் அளவு, தேவை. விலை கொஞ்சம் அசைந்தால் இந்த அளவுகள் எவ்வளவு அசைகின்றன என்பதற்குப் பெயர் நெகிழ்ச்சி. விலை நூற்றுக்குப் பத்து ஏறும்போது வாங்கும் அளவு நூற்றுக்கு முப்பது குறைந்தால் அந்தத் தேவை நெகிழ்ச்சி மிக்கது. இரண்டு மட்டுமே குறைந்தால் நெகிழ்ச்சி குறைந்தது. ஒரு நாளைக்குள் மல்லிகையின் அளிப்புக்கு நெகிழ்ச்சியே கிடையாது.

அளிப்பு அசையாதென்றால், அன்றைய விலையை முடிவுசெய்வது முழுக்க வாங்குகிறவர்களின் வேலையாகிவிடுகிறது. வந்திருக்கும் பூ எத்தனை கிலோவோ அத்தனைக்கு மட்டும் ஆள் மிஞ்சும்வரை விலை ஏறும். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். எத்தனை ரூபாயில் யார் கழன்றுகொள்கிறார்கள் என்பதுதான் கதையே.

பனிக்காலத்தில் வரத்து ஏன் சுருங்குகிறது என்பதையும் சொல்லிவிடலாம். மல்லி வெயிலுக்குப் பழகிய செடி. இரவு குளிர்ந்தால் மொட்டுக் கட்டுவது மந்தமாகும். அதோடு கார்த்திகை வாக்கில் கவாத்து செய்வது பரவலான வழக்கம். வெட்டிவிட்ட செடி துளிர்த்து மொட்டுவிட மாசி, பங்குனி ஆகிவிடும். குறைவில் பாதி இயற்கையின் கணக்கு, பாதி விவசாயியின் நாட்காட்டி.

நான்கு விதமாக வாங்குகிறவர்கள்

சந்தையில் பூ ஒன்றுதான் என்றாலும் வாங்குகிறவர்கள் ஒரே மாதிரி இல்லை.

முதலாவது, கல்யாண வீடு. மண்டபம் பேசி, பத்திரிகை அடித்து, சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்து, லட்சக்கணக்கில் செலவாகிக்கொண்டிருக்கும் இடம். பூவுக்கு இன்னும் ஐயாயிரம் கூடுதலாகிறது என்பதற்காக மணப்பெண்ணை வெறுந்தலையோடு மணவறையில் உட்காரவைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். தேதியையும் தள்ளிவைக்க முடியாது. முணுமுணுத்துக்கொண்டே வாங்குவார்கள். ஆனால் வாங்குவார்கள்.

இரண்டாவது, கோவில். அன்றாட பூஜைக்கு மாலை நின்றுபோகக்கூடாது. ஆனாலும் கல்யாண வீட்டைவிட இங்கே கொஞ்சம் இடமுண்டு. மல்லி குறைந்தால் அரளியும் சம்பங்கியும் கூடும்.

மூன்றாவது, தினமும் தலைக்கு வைத்துக்கொள்ளும் கூட்டம். எண்ணிக்கையில் இவர்களே அதிகம், தனித்தனியாக வாங்குவது மிகக் குறைவு. வேலைக்குப் போகும் வழியில் ஒரு முழம். விலை ஏறினால் அரை முழம், அதற்கும் மேல் ஏறினால் "இன்னிக்கு வேண்டாம்."

நான்காவது ஆளைப் பொதுவாக நாம் பார்ப்பதே இல்லை. சென்ட் ஃபேக்டரி. மதுரை, திண்டுக்கல், சத்தியமங்கலம் வட்டாரங்களில் இவை உண்டு. பகலில் வாங்கிய மொட்டைப் பரப்பி வைத்து, இரவில் அது விரிந்து மணம் விடும் நேரத்தில் கரைப்பானில் ஊறவைத்து, மெழுகு போன்ற சாற்றை எடுப்பார்கள். ஒரு டன் பூவுக்கு ஓரிரு கிலோ தேறினால் பெரிது. அது வெளிநாட்டு வாசனைத் திரவியக் கம்பெனிகளுக்குப் போகிறது. ஃபேக்டரிக்குக் கல்யாணமும் கிடையாது, வெள்ளிக்கிழமையும் கிடையாது. தன் சாற்றுக்கு உலகச் சந்தையில் என்ன கிடைக்கும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, இந்த விலை வரை கட்டுப்படியாகும் என்று ஒரு கோடு வைத்திருக்கும். கோட்டுக்குள் விலை இருந்தால் மூட்டை மூட்டையாக எடுக்கும். கோட்டைத் தாண்டினால் வண்டியே வராது.

ஒரு சந்தை, ஆறு காலைகள்

இனி ஒரு கற்பனைச் சந்தையை வைத்துக் கணக்குப் பார்ப்போம். எண்கள் என்னுடையவை, நடக்கும் விதம் எந்தப் பூச்சந்தையிலும் பார்க்கக்கூடியது. எளிமைக்காகக் கல்யாண வீட்டையும் கோவிலையும் ஒன்றாகச் சேர்த்து 'விசேஷம்' என்று வைத்துக்கொள்கிறேன்.

ஃபேக்டரியின் கோடு கிலோ 200 ரூபாய். அந்த விலையில் விசேஷங்களுக்கு 100 கிலோவும் தலைக்கு வைப்பவர்களுக்கு 400 கிலோவும் போகும். மீதி எவ்வளவு இருந்தாலும் ஃபேக்டரி எடுத்துக்கொள்ளும்.

பங்குனியில் ஒரு காலை. வரத்து 1,000 கிலோ. விசேஷம் 100, தலைக்கு 400, ஃபேக்டரிக்கு 500. விலை 200. விவசாயிகள் கைக்கு மொத்தம் 2,00,000 ரூபாய்.

இரண்டாம் காலை, மழை பெய்து வரத்து பாதியாகிவிட்டது: 500 கிலோ. விலை எவ்வளவு ஏறும்? ஏறவே ஏறாது. ஃபேக்டரி மட்டும் வெறுங்கையோடு திரும்புகிறது, அவ்வளவுதான். மற்ற இருவருக்கும் 200 ரூபாயிலேயே வேண்டிய அளவு கிடைக்கிறது. வரத்து பாதி, விலை அதே, வசூலும் பாதி: 1,00,000. நாளிதழில் இதைப் பற்றி ஒரு வரிகூட வராது. விவசாயிக்கு இதுதான் மோசமான காலை.

மூன்றாம் காலை, 300 கிலோ. இப்போது யாரோ 200 கிலோவை விட்டுக்கொடுத்தாக வேண்டும். விலை 400-க்குப் போகிறது. தலைக்கு வைப்பவர்கள் 400 கிலோவிலிருந்து 200-க்கு இறங்குகிறார்கள். விசேஷக்காரர்கள் அசையவில்லை, அதே 100. வசூல் 1,20,000.

நான்காம் காலை, 160 கிலோ. விலை 800. தலைக்கு 70, விசேஷத்துக்கு 90. வசூல் 1,28,000.

ஐந்தாம் காலை, 100 கிலோ. தலைக்கு வைப்பவர்களில் இன்னும் மிச்சமிருப்பது 20 கிலோ அளவுக்கான ஆள்கள்தான். ஆக, விசேஷக்காரர்களே ஒருவரோடொருவர் போட்டி போட வேண்டியிருக்கிறது. விலை 1,600 ஆனால்தான் அவர்கள் 80 கிலோவுக்கு இறங்குகிறார்கள். வசூல் 1,60,000.

ஆறாம் காலை, கடும்பனி, 60 கிலோ. தலைக்கு வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை. 3,200 ரூபாய்க்கு விசேஷங்களே அத்தனையையும் எடுத்துக்கொள்கின்றன. வசூல் 1,92,000.

ஆறு காலைகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். முதல் 500 கிலோ குறைந்தபோது விலை அசையவில்லை. கடைசி 40 கிலோ குறைந்தபோது விலை 1,600 ரூபாய் எகிறியது. முதல் சந்தேகத்துக்கு விடை இங்கே இருக்கிறது. எத்தனை கிலோ குறைந்தது என்பதைவிட, அந்தக் குறைவு யார் தலையில் விழுந்தது என்பதே விலையை நிர்ணயிக்கிறது. எளிதில் விலகக்கூடியவர்கள் முதலில் விலகுகிறார்கள். அவர்கள் இருக்கும்வரை விலை நிதானமாக இருக்கும். அவர்கள் போய், விலக முடியாதவர்கள் மட்டும் எதிரெதிரே நிற்கும்போது ஒரு கிலோவுக்குக்கூட விலை துள்ளும்.

நெகிழ்ச்சியைக் கண்டுபிடிக்கச் சூத்திரம் வேண்டியதில்லை. பையிலிருந்து போகும் மொத்தப் பணத்தைப் பார்த்தால் போதும். விலை இரண்டு மடங்கானபோது விசேஷக்காரர்கள் செலவழித்தது எவ்வளவு? 200 ரூபாயில் 20,000. 400-இல் 40,000. 800-இல் 72,000. 1,600-இல் 1,28,000. விலை ஏற ஏறச் செலவும் ஏறுகிறது. இது நெகிழ்ச்சி குறைந்த தேவை. தலைக்கு வைப்பவர்கள்? 200 ரூபாயில் 80,000; 400-இலும் அதே 80,000; 800-இல் 56,000; 1,600-இல் 32,000. விலை ஏற ஏறப் பணத்தை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள். இது நெகிழ்ச்சி மிக்க தேவை. செலவு மாறாமல் நின்ற அந்த 200-க்கும் 400-க்கும் இடைப்பட்ட பகுதி இரண்டுக்கும் நடுவிலான எல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே கூட்டத்துக்கு ஒரே நெகிழ்ச்சி என்று எதுவும் இல்லை. விலை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். "பூவின் நெகிழ்ச்சி இவ்வளவு" என்று ஒற்றை எண்ணைப் பாடப்புத்தகம் சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

கிலோ 3,200-க்கு விற்ற நாளில் விவசாயிகள் கொழித்தார்கள் என்ற எண்ணத்தையும் இந்தக் கணக்கு சற்று அசைக்கிறது. அன்றைய மொத்த வசூல், 200 ரூபாய்க்கு 1,000 கிலோ விற்ற நாளின் வசூலை எட்டவில்லை. பறிகூலியைக் கழித்தால் நிலவரம் மாறும் என்பது உண்மைதான். 1,000 கிலோ பறிக்க ஆகும் கூலி 60 கிலோவுக்கு ஆகாது. ஆனால் அந்த 60 கிலோ யார் தோட்டத்தில் இருந்தது? பனியிலும் செடி பூத்த ஒரு சிலருடைய தோட்டத்தில். மற்றவர்கள் அன்று 3,200 ரூபாய் விலையை நாளிதழில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள்.

முகூர்த்தமும் ஊரடங்கும்

இதுவரை தேவையைத் தொடாமல் வரத்தை மட்டும் குறைத்தோம். இப்போது ஐந்தாம் காலையின் அதே 100 கிலோவை எடுத்துக்கொள்வோம். ஆனால் மறுநாள் பெரிய முகூர்த்தம். ஒவ்வொரு விலையிலும் விசேஷங்களின் தேவை இரட்டிப்பு. 1,600 ரூபாயில் 80-க்குப் பதில் 160 கிலோ கேட்பார்கள். 3,200-இல்கூட 60-க்குப் பதில் 120. வந்திருப்பதோ 100. எனவே விலை 3,200-ஐயும் தாண்டித்தான் நிற்கும். வரத்து ஒரு கிலோகூடக் குறையவில்லை, விலை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. தை பிறந்ததும் மார்கழியில் தள்ளிவைத்த கல்யாணங்கள் எல்லாம் வரிசைகட்டும். பனியும் இன்னும் விலகியிருக்காது. இரண்டும் ஒரே வாரத்தில் சந்திப்பதால்தான் தை மாத விலை அப்படி இருக்கிறது. ஆடியில் விலை இறங்குவதிலும் கல்யாணம் இல்லாததற்குப் பங்கு உண்டு.

எதிர்ப்பக்கத்தின் எல்லையை 2020 காட்டியது. மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கு வந்தபோது மல்லிக்கு நல்ல பூப்புக் காலம். கோவில் நடை சாத்தியாயிற்று, கல்யாணங்கள் நின்றன, சந்தைகள் மூடின. பூவை ஏற்றிச் செல்ல வண்டியும் இல்லை. பறித்தால் கூலி நட்டம் என்று செடியிலேயே உதிரவிட்டார்கள். அப்போது விலை மலிவாக இருந்தது என்று சொல்வதுகூடப் பொருந்தாது. வாங்குகிற நால்வரும் ஒரே நாளில் காணாமல் போனால் விலை என்று ஒன்று இருப்பதில்லை.

முழம்

மொத்தச் சந்தையின் விலை தெருமுனைக்கு வந்து சேரும் விதம் வேறு. கூடையோடு உட்கார்ந்திருக்கும் பூக்கார அம்மா காலை விலையைப் பார்த்துவிட்டு முழத்தின் விலையை அதே வேகத்தில் ஏற்றுவதில்லை. தினமும் வாங்குகிறவர் கையில் இருபது ரூபாயோ முப்பது ரூபாயோ எடுத்துக்கொண்டுதான் வருகிறார் என்பது அவருக்குத் தெரியும். அந்த ரூபாயை அப்படியே வைத்துக்கொண்டு முழத்தைக் குறைக்கிறார். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை அளக்க வேண்டிய கை, பாதி வழியில் திரும்பிவிடும். கண்ணிக்குக் கண்ணி இடைவெளி கூடும். நடுவில் மரிக்கொழுந்து நுழையும், கனகாம்பரம் நுழையும்.

"என்னக்கா, இம்புட்டூண்டு இருக்கு?"

"பூ விக்கிற விலைக்கு இதே பெருசு தாயி. காக்கரட்டான் வாங்கிக்கிறியா, நீளமா தாரேன்."

இந்த இரண்டு வரியில் நெகிழ்ச்சியின் முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. மாற்று. மல்லிக்குப் பதில் முல்லை, பிச்சி, காக்கரட்டான் என்று போக வழியிருப்பவரின் தேவை நெகிழும். மாற்று எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நெகிழும். "பூ" என்று பொதுவாகக் கேட்டால் தேவை அவ்வளவாக அசையாது. "மல்லி" என்று குறிப்பாகக் கேட்டால் அசையும். இந்தக் கூடையா அடுத்த கூடையா என்று வந்துவிட்டால் ஐந்து ரூபாய் வித்தியாசத்துக்கே ஆள் நகர்ந்துவிடும். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பூக்கடைகளில் முழம் ஒரே விலையில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

கூரைமேல் வந்த யோசனை

வரத்துக் குறைவைவிட விலை வேகமாக எகிறுவது நமக்குப் பூவில் தெரிந்தது. இங்கிலாந்தில் தானியத்தில் தெரிந்தது, அதுவும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே. 1699-இல் சார்லஸ் டேவனன்ட் வெளியிட்ட நூல் ஒன்றில் சிறிய பட்டியல் இருக்கிறது. விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தானிய விலை பத்தில் மூன்று பங்கு ஏறும்; இரண்டு பங்கு குறைந்தால் எட்டு; மூன்று குறைந்தால் பதினாறு; நான்குக்கு இருபத்தெட்டு; பாதி விளைச்சல் போனால் நாற்பத்தைந்து, அதாவது பழைய விலையைப் போல் ஐந்தரை மடங்கு. கிரெகரி கிங் என்பவருடைய கணக்கு என்று இது வழங்குகிறது. கிங் போட்டதா டேவனன்ட் போட்டதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். யார் போட்டிருந்தாலும் சொல்லும் சேதி ஒன்றுதான். ரொட்டிக்கு மாற்று இல்லாத ஊரில் மொத்த மக்களும் நம் கல்யாண வீட்டுக்காரர்களைப் போல நடந்துகொள்கிறார்கள்.

பட்டியலைத் திருப்பிப் படித்தால் விவசாயியின் பழைய புலம்பல் கிடைக்கும். குறைந்தால் விலை இப்படி எகிறுமென்றால், விளைச்சல் கூடினால் அதே வேகத்தில் சரியும். அமோக விளைச்சல் கண்ட ஆண்டில் நெகிழ்ச்சி குறைந்த பொருளை விளைவித்தவருக்கு வசூல் குறைகிறது. தக்காளியைச் சாலையில் கொட்டும் படங்கள் அடிக்கடி வருகின்றனவே, அவற்றின் கணக்கும் இதுதான். மல்லிக்கு ஃபேக்டரி இருக்கிறது, ஒரு கோட்டுக்குக் கீழே விலையை விழவிடாமல் தாங்க. தக்காளிக்கு அந்த அளவில் தாங்கும் ஆள் இல்லை.

இந்தப் பழைய அவதானிப்புகளை ஒரு அளவுகோலாக்கிக் கொடுத்தவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆல்ஃபிரட் மார்ஷல். 1881-இல் உடல்நலம் தேறுவதற்காக இத்தாலியின் பலெர்மோ நகரில் தங்கியிருந்தபோது, கூரைமேல், குளியல்தொட்டியின் மூடியை வெயிலுக்கு நிழலாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு நெகிழ்ச்சி என்ற யோசனை வந்ததாகவும், அவர் அதில் மிகவும் மகிழ்ந்துபோனதாகவும் அவருடைய மனைவி மேரி பின்னாளில் சொல்லியிருக்கிறார். மேரியும் பொருளியல் கற்பித்தவர், சாட்சி நம்பகமானது. 1890-இல் வெளியான மார்ஷலின் பெருநூலில் அந்த யோசனை முழு வடிவம் பெற்றது.

அதே நூலில், வீடு கட்டும் செலவில் சுவர்ப் பூச்சுக்காரரின் கூலி ஒரு சிறு பகுதிதான் என்பதால் அவர் கூடுதல் கூலி கேட்டுப் பெற முடியும் என்று ஓர் உதாரணம் வருகிறது. மண்டபச் செலவில் பூவின் செலவைப் பற்றி நாம் பார்த்ததும் அதுவே. அற்பமான பொருள் என்பதால்தான் விலை ஏறுகிறது. இரண்டாவது சந்தேகத்துக்கு இதுதான் பதில். பூவுக்கே மாதச் சம்பளத்தில் பாதி போகுமென்றால் கல்யாண வீடும் யோசித்திருக்கும்.

கவாத்துக் கத்தி

ஒரே நாளைக்குள் பார்த்தால் அளிப்பு அசையாது. ஆறு மாதத்தைப் பார்த்தால்? மார்ஷல் இதற்கு மீன் சந்தையை எடுத்துக்கொண்டார். இன்று கரைக்கு வந்த மீன் இவ்வளவுதான். விலை உயர்ந்தே இருந்தால் சில நாள்களில் கூடுதல் படகுகள் கடலுக்குப் போகும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் புதிதாகப் படகு கட்டுவார்கள். காலம் நீள நீள அளிப்பு நெகிழும்.

மல்லியில் முதல் படி கவாத்துக் கத்தி. எல்லாரும் கார்த்திகையில் வெட்டும்போது ஒருவர் முன்கூட்டி வெட்டி, உரமும் தண்ணீரும் பார்த்துக் கொடுத்தால் மற்றவர் செடி உறங்கும் நாளில் அவர் தோட்டத்தில் ஏதாவது பூக்கும். குளிர் முழுதும் விடாது என்றாலும் பத்துக் கிலோ வந்தால்கூட அது 2,000 ரூபாய் கிலோ. இந்த உத்தி, செய்கிறவர் சிலராக இருக்கும்வரைதான் பலிக்கும். எல்லாரும் கத்தியை முன்கூட்டி எடுத்தால் ஆறாம் காலை மூன்றாம் காலையாகிவிடும்.

அடுத்த படி, புதிய தோட்டம். நட்ட செடி முழு விளைச்சலுக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் நிற்கும். ஆகவே ஒரு தை மாத விலையைப் பார்த்து மல்லி நட்டவர், பத்துப் பன்னிரண்டு பங்குனிகளின் 200 ரூபாய் விலையையும் சேர்த்தே நட்டிருக்கிறார்.

நூறு ரூபாய் யார் தலையில்?

நெகிழ்ச்சியை வைத்து விடுவிக்கக்கூடிய இன்னொரு முடிச்சு, கமிஷன். பூச்சந்தைகளில் கமிஷன் கடைதான் இடையில் நின்று விற்றுக் கொடுக்கும். இதை விவசாயியிடம் பிடிக்கக்கூடாது, வாங்குகிறவரிடம் வசூலிக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமாகத்தான் ஒலிக்கிறது. எழுதிவைத்தால் நடந்துவிடுமா?

ஐந்தாம் காலைக்குப் போவோம். வந்திருப்பது 100 கிலோ, விலை 1,600. கிலோவுக்கு 100 ரூபாய் கட்டணம், அதை வாங்குகிறவரே கட்ட வேண்டும் என்று உத்தரவு வருகிறது. வாங்குகிறவர் தன் பையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகிறது என்றுதான் பார்ப்பார். மொத்தம் 1,700 ஆனால் சிலர் கழன்றுகொள்வார்கள். சில கிலோ பூ விற்காமல் நிற்கும். சாயங்காலம் அது விரிந்துவிடும். எனவே விற்கிறவர் இறங்கி வந்தாக வேண்டும். வாங்குகிறவர் கையிலிருந்து போவது மறுபடி 1,600 ஆகும்வரை இறங்குவார். விவசாயிக்கு 1,500. நூறு ரூபாயையும் நீட்டியது வாங்குகிறவரின் கை, இழந்தது விவசாயியின் பை. விவசாயியிடமே நேராகப் பிடித்திருந்தாலும் இதே 1,500 தான் கிடைத்திருக்கும்.

ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்பதற்கும் பாரம் யார் தோளில் என்பதற்கும் தொடர்பில்லை. இரு தரப்பில் யார் நெகிழ முடியாதவரோ அவர் பக்கமே பாரம் சரியும். ஒரு நாளைக்குள் பூ விற்கிறவரைவிட நெகிழ முடியாதவர் யாருமில்லை. கமிஷன் கடையிலேயே முன்பணம் வாங்கியிருந்தால் அடுத்த கடைக்குக்கூடக் கூடையைக் கொண்டுபோக முடியாது. இருந்த கொஞ்ச நெகிழ்ச்சியும் போயிற்று. ஆண்டுக்கணக்கில் பார்த்தால் நிலைமை மாறும். கட்டுப்படியாகாமல் சிலர் மல்லியைப் பிடுங்கிவிட்டுச் சம்பங்கிக்குப் போவார்கள். வரத்து குறையும், பாரத்தில் ஒரு பங்கு வாங்குகிறவர் பக்கம் நகரும்.

இதற்கிடையே ஃபோன் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது. நிலக்கோட்டையில் என்ன விலை, மதுரையில் என்ன விலை, சத்தியமங்கலத்து ஏலம் எவ்வளவுக்குப் போயிற்று என்பதெல்லாம் விடிந்த சற்று நேரத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. முன்பணக் கடன் இல்லாதவர், வண்டி வைத்திருப்பவர், இரண்டு சந்தைகளுக்கு நடுவில் தோட்டம் வைத்திருப்பவர் ஆகியோருக்கு இந்தத் தகவல் பணமாகிறது. கிலோவுக்கு நூறு ரூபாய் வித்தியாசம் தெரிந்தால் வண்டியைத் திருப்பிவிடலாம். மற்றவர்கள் செய்தியைப் படித்துவிட்டுப் பழைய கடைக்கே கூடையை இறக்குகிறார்கள்.